மூன்று சாரல் பார்த்த எறும்பு மருந்து

செங்கோட்டையில் ஆனி பிறந்து சாரல் விழுந்தால் துணி காயாது, உப்பு கசியும், எறும்பு வீட்டுக்குள் குடியேறும். எங்களுடையது இந்த ஊர் திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், அதாவது 1956க்கு முன்பு கட்டிய ஓட்டு வீடு. சுவரெல்லாம் காரை, காரையெல்லாம் கீறல். ஒன்றை அடைத்தால் அடுத்ததில் வரும். போதாததற்கு என் கணவருக்குப் புனலூரில் வேலை. சனிக்கிழமைதோறும் வெல்லப்பாகில் புரட்டிய வாழைக்காய் வறுவலான சர்க்கரை வரட்டியும் கையுமாகத்தான் வந்து இறங்குவார்.

முதலில் எறும்பு சாக்பீஸில் கோடு போட்டுப் பார்த்தேன். சாரல் ஈரத்தில் கோடு நான்கு நாள் தாங்கவில்லை. ஸ்ப்ரே அடித்தது அதைவிட மோசம். கண்ணில் பட்டதெல்லாம் செத்தது. அடுத்த வாரம் அடுப்படியில் ஒரு எறும்புச் சாரை இருந்த இடத்தில் மூன்று சாரை. சில வகைச் சிற்றெறும்புக் கூட்டில் ராணி ஒன்று இல்லை, பல. மருந்து பட்டுக் கலைந்தால் பங்காளிகள் மாதிரி பிரிந்து போய்த் தனித்தனிக் கூடு வைத்துவிடும். இதைப் பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

மூன்று வருஷமாக நான் வைப்பது போரிக் ஆசிட் பவுடர். கேரம் போர்டில் தூவுவதும் பெரும்பாலும் இதுதான், ஆனால் டப்பாவில் பெயர் பார்த்து வாங்குங்கள். 100 மில்லி வெந்நீரில் தலைதட்டிய கால் டீஸ்பூன் பவுடர், சுமார் 1 கிராம். கூடவே இரண்டு டீஸ்பூன் சீனி. கரைத்து, பஞ்சில் நனைத்து, பாட்டில் மூடியில் வைத்து, சாரை போகிற வழியில் வைத்துவிட வேண்டும்.

கால் டீஸ்பூன் என்ன செய்துவிடும் என்று முதல் தடவை ஒரு ஸ்பூன் நிறையப் போட்டேன். காலையில் மூடியைச் சுற்றி ஒரே பிணம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் சாரை குறையவே இல்லை. குடித்த எறும்பு உடனே சாகக்கூடாது. வயிற்றில் சுமந்து போய்க் கூட்டில் புழுவுக்கும் ராணிக்கும் ஊட்ட வேண்டும். மருந்து மெதுவாக வேலை செய்வதில்தான் காரியமே இருக்கிறது.

அந்த முதல் இரண்டு நாள் பொறுப்பதுதான் கஷ்டம். கூட்டம் குறையாமல் இன்னும் கூடும். "என்னட்டி, எறும்புக்குப் பாகு காய்ச்சி விருந்து வைக்கியா?" என்றார் அத்தை, கையில் துடைப்பத்தோடு. துடைக்காதீங்க அத்தை என்று கெஞ்சித்தான் தடுத்தேன். ஐந்தாம் நாள் சாரை நூலாக இளைத்தது, பத்து நாளில் நின்றது. அதற்கப்புறம்தான் சோப்புத் தண்ணீரால் தடத்தைத் துடைத்தேன். வாசனை மிச்சம் இருந்தால் அடுத்த கூட்டம் அதே வழியைப் பிடித்துக்கொள்ளும்.

ஒரேயடியாக ஒழிந்ததா என்றால் இல்லை. ஒவ்வொரு சாரலுக்கும், மறுபடி ஐப்பசி மழைக்கும் வைக்க வேண்டியிருக்கிறது. ஈரத்தில் பஞ்சு பூஞ்சை பிடிக்கும், மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். போன வருஷம் ஒரு கூட்டம் சீனியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தேங்காய்ச் சில்லில் மொய்த்தது. அதே பவுடரைத் துளியளவு தேங்காய் எண்ணெயும் பொட்டுக்கடலை மாவும் சேர்த்துப் பிசைந்து வைத்த பிறகு எடுத்துப் போனது. கட்டெறும்பு இது எதற்கும் மசியவில்லை. ஓட்டைத் தொட்டுக்கொண்டிருந்த முருங்கைக் கிளையை வெட்டியதும் வரத்து நின்றது. கொல்லை மாமரத்துச் சிவப்பு எறும்பான முசுறை நான் தொடுவதில்லை, அதுவும் உள்ளே வருவதில்லை.

ஒன்று கவனம்: இது குழந்தை வயிற்றுக்குப் போனால் விஷம். தவழ்கிற பிள்ளையோ பூனையோ இருந்தால் தரையில் வைக்காதீர்கள். நான் கேஸ் அடுப்பு மேடைக்குப் பின்னால், கை எட்டாத மூலையில் வைக்கிறேன். கலக்கிய ஸ்பூனும் தனி.

சர்க்கரை வரட்டி டப்பா மட்டும் இன்னும் தண்ணீர்த் தட்டின் நடுவில்தான் இருக்கிறது. அது அத்தையின் ஏற்பாடு. வாரம் இரண்டு தடவை தண்ணீரை மாற்றுவது என் வேலை, இல்லாவிட்டால் எறும்பு போய்க் கொசு வந்துவிடும்.