காமன் லா இணையவழிப் பாடம்: பாதி அருமை, பாதி அவசரம்

காமன் லா (இங்கிலாந்தில் பிறந்த, பழைய தீர்ப்புகளை அடிப்படையாகக் கொண்ட சட்டமுறை) பற்றிய ஒரு காணொளிப் பாடத்தைப் பணம் கட்டி முடித்தேன். முதல் பாதி அபாரம். இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றியின் நீதிபதிகள் ஊர் ஊராகப் போய் வழக்கு கேட்டதிலிருந்து தொடங்கி, பழைய தீர்ப்பு எப்படிப் புதிய வழக்கைக் கட்டுப்படுத்தும் என்பதை 1932-இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை (அப்போதைய உச்ச மேல்முறையீட்டு மன்றம்) தீர்த்த டோனாஹ்யூ வழக்கை வைத்தே புரியவைத்துவிடுகிறார்கள். ஜிஞ்சர் பீர் பாட்டிலில் நத்தை, வாங்கிக் கொடுத்ததோ தோழி, அதனால் குடித்தவருக்குக் கடைக்காரரோடு ஒப்பந்தமே கிடையாது, ஆனாலும் தயாரிப்பாளருக்கு அவர்மீது கவனக் கடமை (தீங்கு வராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு) உண்டு என்று தீர்ப்பு! (நத்தை நிஜமாகவே இருந்ததா என்பது கடைசிவரை நிரூபிக்கப்படவில்லை, அது தனிக் கூத்து.)

அப்புறம்தான் சொதப்பல். அந்த வழக்கு கிளம்பியதே ஸ்காட்லாந்தில், அங்கே இருப்பதோ ரோமானியச் சட்டமும் காமன் லாவும் கலந்த முறை. இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இதே மாதிரி கலப்பு முறை உள்ள லூசியானா, கியூபெக், தென்னாப்பிரிக்கா எல்லாம் ஒரே ஸ்லைடில் ஓடிவிடுகின்றன. தீர்ப்புகளைவிட எழுதிவைத்த சட்டத்தையே அடிப்படையாகக் கொள்ளும் பிரான்ஸின் 1804 சட்டத்தொகுப்போடு ஒப்பீடும் மேலோட்டம்தான். சந்தேகம் கேட்டு இரண்டு மின்னஞ்சல் போட்டேன், பதிலே வரவில்லை. ஐந்துக்கு மூன்று. தள்ளுபடி வந்தால் வாங்கலாம்.