நாட்குறிப்புக்கு மைப் பேனாவா, பால்பாயிண்ட் பேனாவா?

நாட்குறிப்பு எழுத ஆசைப்படுகிற பலர் பேனா வாங்கும்போதே தயங்கி நின்றுவிடுகிறார்கள்.

செலவு: பால்பாயிண்டுக்கு ரீஃபில் மாற்றினால் போதும். மைப் பேனாவுக்கு முதலில் கூடுதல் பணம். பிறகு ஒரு புட்டி மை பல மாதம் வரும்.

கை: பெரிய வேறுபாடு இங்கேதான். பால்பாயிண்டின் முனையிலுள்ள குண்டு உருண்டால்தான் மை இறங்கும். அதனால் நம்மை அறியாமல் அழுத்துகிறோம். சில பக்கங்களில் கட்டைவிரல் வலிக்கும், எழுத்து தாளின் மறுபக்கம் புடைத்து நிற்கும். மைப் பேனாவின் நிப் தாளைத் தொட்டாலே மை ஓடிவரும். எனக்கு அந்தச் சுகத்துக்கு ஈடில்லை.

தாள்: மலிவான நோட்டில் மைப் பேனாவின் மை ஊறிப் பரவும், 80 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) குறையாமல் வாங்குங்கள். பால்பாயிண்டுக்கு எந்தத் தாளும் சரி.

நீடிப்பு: சாதாரண நீல மை தண்ணீர் பட்டால் கரையும். கூரை ஒழுகும் வீட்டில் இது சின்ன விஷயமல்ல. பால்பாயிண்டின் எண்ணெய் மை தாங்கும்.

பராமரிப்பு: மைப் பேனாவைச் சில வாரம் தொடாமல் விட்டால் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். நிப்பைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவ வேண்டும்.

இரவில் மேசையில் அமர்ந்து பக்கம் பக்கமாக எழுதுகிறவர் மைப் பேனாவே வாங்கட்டும். பஸ்ஸில் நாலு வரி குறித்துக்கொள்பவருக்குப் பால்பாயிண்ட்தான் தோது.