மட்டக்களப்பு கல்லடிப் பக்கம் போட்டுக்கு எஞ்சின் பூட்டுற பட்டறை - என்ட ரிவியூ

மாமாட 18 அடி பைபர் போட்டுக்கு யமஹா எண்டுரோ 15 எஞ்சின் (போட்டுக்குப் பின்னால தொங்குறது, 15 குதிரைவலு) முதல்ல வேற ஒரு இடத்துலதான் பூட்டினது, எந்த இடமெண்டு சொல்லல்ல. பூட்டின நாள்ல இருந்து ஓடக்குள்ள அணியம், அதாவது போட்டுட முன்பக்கம், தூக்கிட்டு நிக்கும், பின்னால தண்ணி எகிறி உள்ளுக்க விழும், பெற்றோலும் கனக்கக் குடிச்சிது. எஞ்சின்ல பிழை எண்டு கார்பரேட்டர் எல்லாம் கழட்டிப் பாத்தாங்க, ஒண்டும் இல்ல.

பிறகுதான் கல்லடியில இந்தப் பட்டறைக்குக் கொண்டு போனம். பாஸ் எஞ்சின ஸ்டார்ட் பண்ணிக்கூட பாக்கல்ல, முதல்ல டேப்ப எடுத்தாரு. எஞ்சின் தொங்குற பின்பலகைட மேல்விளிம்புல இருந்து கீழ அடிவரைக்கும் அளந்தாரு, பிறகு ஒரு நேரான மட்டக்கோல அடியோட ஒட்டிப் பிடிச்சு புரொபெல்லருக்கு மேல இருக்கிற தட்டு எங்க நிக்குது எண்டு காட்டினாரு. மூண்டு இஞ்சி கீழ நிக்குது! "இந்தத் தட்டு அடிமட்டத்துக்கு நேரா நிக்கணும் மனே, கீழ போனாலும் ஒரு இஞ்சிக்குள்ளதான்" எண்டாரு, எண்டுரோ புத்தகத்துலயும் 25 மில்லிமீற்றர் எண்டுதான் இருக்கு. எங்கட எஞ்சின் 20 இஞ்சிப் பலகைக்குப் பூட்டுற லோங் ஷாப்ட் (கால் நீளமானது), பலகை 17 இஞ்சிதான். அவ்வளவு ஆழத்துல எஞ்சின இழுத்துக் கொண்டு போனா தண்ணி எகிறாம என்ன செய்யும்?

பலகைக்கு மேல கட்டை வச்சு சுத்தி பைபர் போட்டு உயர்த்தினாரு. எனக்குப் பிடிச்ச வேலை அதில்ல, பழைய போல்ட் ஓட்டையள ரெசின் விட்டு அடைச்சதுதான், ஏனெண்டா அந்தப் பலகைக்குள்ள மரம் இருக்கு, ஓட்டையால தண்ணி இறங்கினா வெளியால பைபர் பளபளெண்டு இருக்கக்குள்ளயே உள்ளுக்க உக்கிப் போயிரும். புது ஓட்டைக்கு ஸ்டெயின்லெஸ் போல்ட், கடல் தண்ணிக்கு நிக்கிற சீலண்ட். ரெண்டு கிளாம்ப் திருகுற மட்டும் நம்பி ஓடக்கூடாது, ஆட்டத்துல அது இளகும் எண்டு சொல்லி பாதுகாப்புக்குச் சங்கிலியும் கட்டித் தந்தாரு.

பிறகு வாவிக்குள்ள ஓடிப் பாத்தம். சும்மா இல்ல, வலை, ஐஸ் பெட்டி, ஆள் எல்லாம் ஏத்தித்தான், ஏனெண்டா பாரம் மாறினா சாய்வும் மாறும். பாலமீன்மடு வெளிச்சவீட்டுப் பக்கம் போகக்குள்ளயும் அணியம் கொஞ்சம் தூக்கிட்டே நிண்டிச்சு, நிப்பாட்டி எஞ்சின்ட சாய்வு வைக்கிற கம்பிய ஒரு ஓட்டை உள்ளுக்க, போட் பக்கமா, மாத்தினாரு, அதோட போட் படிஞ்சு ஓடத் தொடங்கிச்சு. கூர்மையா வளைச்சுப் பாக்கச் சொன்னாரு, புரொபெல்லர் காத்து இழுத்தா எஞ்சின் கத்தும், அப்பிடிக் கத்தினா உயரம் கூடிட்டு எண்டு அர்த்தம், கத்தல்ல. ஃபுல் த்ரொட்டில்ல ஆர்பிஎம்மும் (எஞ்சின் நிமிசத்துக்கு எத்தின சுத்து எண்டு) பாத்தாரு, 4500க்கும் 5500க்கும் இடையில இருக்கணும், எங்களுக்கு 5200 காட்டிச்சு. குளிர்ற தண்ணி வெளிய வாற சின்ன ஓட்டையக் காட்டி, பாசிக்குள்ளயும் முகத்துவாரத்து மணல்லயும் ஓடினா அத அடிக்கடி பாருங்க, நூல் மாதிரி மெலிஞ்சா உடன நிப்பாட்டுங்க எண்டாரு.

குறையும் இருக்கு. போன் எடுக்கவே மாட்டாரு, பைபர் காயணும் எண்டு சொன்ன நாளத் தாண்டித்தான் தந்தாரு, எழுதின பில் கேட்டாதான் தருவாரு. கூலியும் மத்த இடங்கள விடக் கொஞ்சம் கூட. என்ட கணக்குல அது பரவாயில்ல, மாமா இப்ப அதே தூரத்துக்குக் குறைய பெற்றோல்தான் அடிக்கிறாரு, உடுப்பும் நனையிறல்ல.

போறதெண்டா காலையில வெள்ளெண போங்க, பின்னேரம் ஆக்கள் கூட. எஞ்சின மட்டும் தூக்கிட்டுப் போகாம போட்டையும், வழமையா ஏத்துற சாமானையும், பெற்றோலையும் கொண்டு போங்க, ஓடிப் பாக்காம ஆள் விடமாட்டாரு.