பட்டைத் தோலா, குரோம் தோலா: உப்புக்காற்று ஊரில் கத்தி உறையும் பெல்ட்டும்

இந்த வருடம் முதல் கத்தி உறைக்கும் பெல்ட்டுக்கும் பட்டைத் தோல் மட்டும்தான் வெட்டுவது என்று முடிவு செய்துவிட்டேன். ராமநாதபுரம் பக்கம் மண்டபம் ஊரில், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செய்கிற சின்ன வேலைதான். ஆனாலும் மூன்று வருடமாக இரண்டு தோலையும் மாற்றி மாற்றி வெட்டி, தைத்துக் கொடுத்து, கொடுத்த ஆட்களிடமே திரும்ப வாங்கிப் பிரித்துப் பார்த்த பிறகுதான் இந்த முடிவுக்கு வந்தேன். பாம்பன், ஏர்வாடி, தொண்டி என்று கடலோரத்தில் இருந்துகொண்டு இந்த வேலையைத் தொடங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். மதுரையிலோ கோயம்புத்தூரிலோ இருந்தால் இதே கணக்கு பொருந்த வேண்டியதில்லை.

முதலில் எது எது என்று சொல்லிவிடுகிறேன். ஆவாரம் பட்டை, வேலம் பட்டை, கடுக்காய் மாதிரி துவர்ப்புச் சரக்கில் ஊறவைத்துப் பதனிட்டது பட்டைத் தோல். கடையில் வெஜ் டான் என்று கேட்டாலும் எடுத்துப் போடுவார்கள். ஈ.ஐ. லெதர் (ஈஸ்ட் இந்தியா லெதர்) என்று புவிசார் குறியீடு வாங்கியிருப்பதும் தமிழ்நாட்டின் இந்தப் பட்டைத் தோல்தான். குரோமியம் உப்பில் பதனிட்டது குரோம் தோல். நாம் பார்க்கிற ஷூ மேல்தோல், கைப்பை, சோபா உறை எல்லாம் பெரும்பாலும் அதுதான். பட்டையில் வாரக்கணக்கில் ஆகிற வேலை குரோமில் ஓரிரு நாளில் முடிந்துவிடுகிறது, விலை வித்தியாசத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

வாங்கும்போது ஓரத்தில் ஒரு கீற்று வெட்டிப் பாருங்கள். பட்டைத் தோல் உள்ளே வரைக்கும் பழுப்பாக இருக்கும். குரோம் தோலில் சாயம் முழுதாக இறங்காத இடத்தில் நடுவில் நீலச் சாம்பல் நிறம் தெரியும். சந்தேகம் தீரவில்லை என்றால் அந்தக் கீற்றைக் கொதிக்கிற தண்ணீரில் போடுங்கள், பட்டைத் தோல் சுருண்டு மரக்கட்டை மாதிரி ஆகிவிடும், நன்றாகப் பதனிட்ட குரோம் தோலுக்கு ஒன்றும் ஆகாது. சென்னை பெரியமேட்டில் ஒரு கடையில் பட்டைத் தோல் என்று சொல்லி பழுப்புச் சாயம் ஏற்றிய குரோமை எனக்குக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து நனைத்தபோதுதான் தெரிந்தது. அதிலிருந்து சாம்பிள் கீற்று இல்லாமல் முழுத்தோல் எடுப்பதில்லை.

விலை, நிறம், மென்மை மூன்றிலும் குரோம்தான் முன்னால் நிற்கும். அதில் பேச ஒன்றுமில்லை. தையலும் சுலபம், ஊசி வழுக்கிக்கொண்டு போகும்.

ஆனால் கத்தி உறைக்கு முதல் தேவை விறைப்பு. பட்டைத் தோலைத் தண்ணீரில் முக்கி, காற்றுக் குமிழி நின்றதும் எடுத்து, தோலின் பழைய நிறம் மெல்லத் திரும்புகிற நேரத்தில் கத்தியை பிளாஸ்டிக் தாளில் சுற்றி உள்ளே வைத்து, கரண்டியின் முதுகால் சுற்றிலும் அழுத்தித் தேய்த்தால் பிடியின் வளைவு வரைக்கும் அப்படியே பதிந்துவிடும். காய்ந்ததும் கத்தியை எடுத்தாலும் அச்சு நிற்கும், திரும்பச் செருகும்போது பிடி உட்காருகிற இடத்தில் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால் படகு ஆடினாலும் கத்தி தானாக நழுவாது. குரோமில் இந்த வித்தை நடக்காது. நனைத்தால் நனையும், காய்ந்தால் பழையபடி துணி மாதிரித் தொங்கும். தொங்குகிற உறையில் கத்தி நுனி பக்கவாட்டில் குத்தி வெளியே வந்து ஒருவருடைய தொடையில் கீறியிருக்கிறது, நான் தைத்துக் கொடுத்த உறைதான் அது. ஆழமான காயம் இல்லை. ஆனாலும் அதை என்னால் மறக்க முடியவில்லை.

இது மட்டும் என்றால் குரோமுக்குள் ஒரு பிளாஸ்டிக் தகடு வைத்துச் சமாளித்துவிடலாம், நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் செய்தேன். முடிவை மாற்றியது உப்பு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம் இருக்கிறதல்லவா, விசைப்படகு எல்லாம் கரையில் நிற்கும். அது முடிகிற வாரத்தில் பாம்பனிலிருந்து ஒரு அண்ணன் வந்தார். "தம்பி, கத்தி வரமாட்டேங்குது. உறையை அறுத்தாவது எடுத்துக் குடு" என்றார். முந்தின வருடம் நான் செய்து கொடுத்த குரோம் உறை. மேலே பார்த்தால் கறுப்புப் பூச்சு பளபளப்புக் குறையாமல் புதுசு மாதிரி இருந்தது. தையலை அறுத்துத் திறந்தேன். உள்பக்கம் பிசுபிசுவென்று சாம்பல் நிறத்தில் ஈரம், இரண்டு மாதம் வீட்டுக்குள் தொங்கிய உறைக்குள் அவ்வளவு ஈரம். கத்தி இலையின் ஒரு பக்கம் முழுக்கத் துரு ஏடு ஏடாகப் பொரிந்து தோலோடு ஒட்டியிருந்தது, பிரிக்கும்போது தோலின் நாரும் சேர்ந்து வந்தது. வாய்ப்பக்கத்துப் பித்தளைப் பொத்தானைச் சுற்றிப் பச்சைக் களிம்பு.

அதே படகில் இன்னொருவரிடம் பட்டைத் தோல் உறை இருந்தது, அதையும் கொண்டுவரச் சொன்னேன். அந்தக் கத்தியிலும் துரு இருந்தது, அதை மறைக்கக் கூடாது. உறை பலகை மாதிரி விறைத்துப்போய், கத்தி பட்ட இடமெல்லாம் மைக்கறை போலக் கறுத்திருந்தது. துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் அப்படித்தான் கறுக்கும், கடுக்காய்த் தண்ணீரில் இரும்பாணி போட்டு மை காய்ச்சிய கதைதான். ஆனால் கத்தி சிரமமில்லாமல் உருவ வந்தது. உறையை நல்ல தண்ணீரில் மூன்று தடவை அலசி, கறுப்பின் மேல் எலுமிச்சைச் சாறு தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் நிழலில் போட்டு, எண்ணெய் ஊட்டிக் கொடுத்தேன். இப்போதும் அவர் இடுப்பில்தான் இருக்கிறது. குரோம் உறையைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

ஏன் இப்படி என்று யோசித்தால் விஷயம் எளிமையானது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாக நீர் விடத் தொடங்கும், மழைக்காலத்தில் அடுப்படி உப்புச் சாடியில் பார்க்கிறோமே அதுதான். கடல் தண்ணீரில் நனைந்த தோலை எத்தனை வெயிலில் போட்டாலும் தண்ணீர்தான் போகும், உப்பு நாருக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். ராத்திரி ஈரக்காற்று வந்ததும் திரும்ப நீரை இழுக்கும். நம் பக்கத்துக் காற்று எப்படிப்பட்டது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் இரும்பை அரிக்காமல் காக்கிற வேலை ஓயாமல் நடந்தும் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தும்படி ஆகி, 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தார்கள். அந்தக் காற்றில்தான் இடுப்பில் கத்தி தொங்குகிறது.

ஆகவே எந்தத் தோலானாலும் உப்பைக் கழுவித்தான் ஆக வேண்டும். கழுவினால் தோலில் இருக்கிற எண்ணெயும் கொஞ்சம் போகும், அதைத் திரும்ப ஊட்ட வேண்டும். இங்கேதான் இரண்டும் பிரிகின்றன. கடையில் கிடைக்கிற குரோம் தோலில் பெரும்பாலும் மேலே பெயின்ட் மாதிரி ஒரு பூச்சு இருக்கும், வெளியிலிருந்து எண்ணெய் தேய்த்தால் உள்ளே இறங்காமல் மேலேயே வழுக்கும். உள்பக்கமோ பஞ்சு, கடல் தண்ணீரைத் தாராளமாகக் குடித்து வைத்துக்கொள்ளும். உறையாகத் தைத்த பிறகு அந்த உள்பக்கத்துக்குள் உங்கள் விரல் போகாது. பூச்சில்லாத பட்டைத் தோலோ இரண்டு பக்கமும் குடிக்கும், வெளியே தேய்த்த எண்ணெய் உள்ளே வரைக்கும் போகும். கெட்டுப்போகிறது என்றால் வெளியிலேயே நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். குரோம் கடைசி நாள் வரைக்கும் காட்டாது.

நான் சொல்லிக் கொடுக்கிற பராமரிப்பு இவ்வளவுதான். கடலிலிருந்து வந்ததும் கத்தியை உருவித் தனியாக வையுங்கள். உறைக்குள் ஒரு சொம்பு நல்ல தண்ணீரை ஊற்றுங்கள், நுனியில் நான் போட்டிருக்கிற துளை வழியாக வடிந்துவிடும். இந்த வடிகால் துளையை விட்டுவிடாதீர்கள், 5 மில்லிமீட்டர் போதும். நிழலில், வாய் கீழே பார்க்கத் தொங்கவிடுங்கள். மாதம் ஒரு தடவை எண்ணெய் மெழுகு. ஒரு பங்கு தேன்மெழுகு, இரண்டு பங்கு விளக்கெண்ணெய், வெந்நீர்ச் சட்டிக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கி ஆறவைத்தால் களிம்பு மாதிரி வரும். தேங்காய் எண்ணெய் கையில் இருக்கிறதே என்று அதை ஊற்றினால் உறை தொளதொளத்துப் போகும், செருப்புக்குப் பரவாயில்லை, கத்தி உறைக்கு வேண்டாம்.

பட்டைத் தோலுக்கும் தொல்லைகள் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் பூட்டிய அலமாரிக்குள் வைத்தால் பூஞ்சை குரோமை விடச் சீக்கிரம் பிடிக்கும், வாடைக்காற்றில் உருப்பதித்த உறை காயவே மூன்று நாள் ஆகிறது. ஈரத்தோடு வெயிலில் பைக் டேங்க் மேல் வைத்துவிட்டால் சுருங்கி விறைத்துவிடும், அப்படி ஒரு முறை சுருங்கிய தோலை எந்த எண்ணெயும் மீட்காது. ஈரமான தோலுக்குச் சூடு கூடவே கூடாது. அப்புறம், மாதம் ஒரு தடவை எண்ணெய் போட மாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் தோலே தைப்பதில்லை. படகில் சிலர் பிவிசி பைப்பைச் சூடாக்கித் தட்டையாக அமுக்கி உறை செய்துகொள்கிறார்கள். உப்பு அதை ஒன்றும் செய்யாது, கழுவினால் போதும், காசும் மிச்சம். கத்தியின் கூர் சீக்கிரம் மழுங்குகிறது என்பது மட்டும்தான் நான் பார்த்த குறை. எண்ணெய் போடாதவர்களுக்கு அதுதான் சரி.

பெல்ட் விஷயத்தில் இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. கத்தியோ கட்டிங் பிளேயரோ தொங்குகிற பெல்ட் என்றால் மாட்டின் முதுகுப் பகுதியில் நீளவாக்கில் வெட்டிய 3.5 முதல் 4 மில்லிமீட்டர் பட்டைத் தோல். வயிற்றுப் பக்கம் வெட்டியது மலிவாகக் கிடைக்கும், ஆறு மாதத்தில் இழுபட்டுப் பாம்பு மாதிரி வளையும். அளவு எடுக்கும்போது பேன்ட் சைஸைக் கேட்காதீர்கள். அவர் இப்போது போட்டிருக்கிற பெல்ட்டைக் கழற்றச் சொல்லி, பக்கிள் மாட்டியிருக்கிற மடிப்பிலிருந்து அவர் போடுகிற துளை வரைக்கும் அளந்துகொள்ளுங்கள். ஓரத்துக்கு வேலம்பிசினைக் கரைத்துத் தடவி மரக்கட்டையால் வேகமாகத் தேய்த்தால் கண்ணாடி மாதிரி வரும், குரோமில் ஓரம் பிசிறாகவே இருக்கும், பெயின்ட்தான் அடிக்க வேண்டும். எருமைத் தோலில் இரண்டே பெல்ட்தான் செய்திருக்கிறேன். இரண்டும் ஒரு வருடம் தாண்டி நன்றாக இருக்கின்றன, அதை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன். துப்பாக்கி உறை செய்து பழக்கமில்லை, அதைப் பற்றி என்னிடம் கேட்க வேண்டாம்.

பக்கிள் வாங்கப் போகும்போது சட்டைப் பையில் ஒரு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். பித்தளை என்று கொடுப்பது காந்தத்தில் ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு, நம் ஊரில் ஒரு மழைக்காலம் தாங்காது. நூல் பருத்தி வேண்டாம், மெழுகு ஏற்றிய பாலியஸ்டர் போதும். கூர் படுகிற பக்கத்தில் இரண்டு தோலுக்கும் நடுவே ஒரு கீற்றுத் தோல் வைத்துத் தையுங்கள், இல்லையென்றால் கத்தி நூலை அறுக்கும். இரண்டு ஊசி போட்டு எதிரெதிராகத் தைத்தால் ஒரு தையல் அறுந்தாலும் மற்றது பிரிந்து வராது. மிஷின் தையல் அறுந்தால் வரிசையாக ஓடிவிடும்.

குரோம் தோலை ஒரேயடியாக ஒதுக்கவும் மனம் வரவில்லை. 1900-களின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேய இன்ஜினீயர் சென்னையில் குரோம் பதனிடுதலைச் செய்து பார்த்தபோது, கிணற்றில் தண்ணீர் இறைக்கிற தோல் சால் செய்யத்தான் அதைப் பயன்படுத்தினார். நம் பக்கத்துக் கமலைக் கிணறு மாதிரி நாள் முழுக்க நல்ல தண்ணீரில் நனைந்து நனைந்து காய்கிற வேலைக்கு அது தாங்கும். மடங்க வேண்டிய, கூர் இல்லாத சாமானுக்கும் அதுதான் தோது. தொண்டியிலிருந்து ஒரு மெக்கானிக் அண்ணன் ஸ்பேனர் சுருட்டி வைக்கிற பை கேட்டிருக்கிறார். பலகைக்கு மேல் மிச்சமிருக்கிற கறுப்புக் குரோம் துண்டை அதற்குத்தான் எடுத்து வைத்திருக்கிறேன்.