சோழமண்டலம் ஓவியர் கிராமம்: கணக்குப் பார்க்கிற மாமாக்களும் போகலாம்

சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில், ஓவியர்களும் சிற்பிகளும் தாங்களே நிலம் வாங்கிக் குடியேறிய சோழமண்டலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஓவியம் தெரிந்தவர்கள். எனக்கு அது தெரியாது. கூட்டுறவுச் சங்கங்களுக்குத் தணிக்கை பார்த்தே என் வேலைக்காலம் முடிந்தது. அந்தக் கண்ணுக்கு என்ன பட்டதோ அதைத்தான் எழுதுகிறேன்.

போகக் காரணம் என் அக்கா மகன். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க். ஆனால் சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில்தான் சேருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். "நீ சொன்னா கேப்பான்டா, கொஞ்சம் பேசிப் பாரு" என்று அக்கா என் தலையில் கட்டிவிட்டாள். மேற்படிப்பு ஆலோசனை என்று போர்டு மாட்டியிருந்த ஓர் இடத்துக்கு முதலில் கூட்டிப்போனோம். காசை வாங்கிக்கொண்டார்கள். பையன் கொண்டுபோன ஸ்கெட்ச் நோட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று அச்சடித்த தாள் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதற்கு இந்த இடம் எவ்வளவோ தேவலை.

உள்ளே நுழைந்ததும் மரநிழலில் கல்லும் உலோகமுமாகச் சிற்பங்கள். 2009-ல் திறந்த அருங்காட்சியகத்தில், சென்னை ஓவியப் பள்ளியைச் சுற்றி உருவான, 'மெட்ராஸ் இயக்கம்' என்று சொல்லப்படுகிற தலைமுறையின் ஓவியங்களும் சிற்பங்களும் இருக்கின்றன. செம்பையும் பித்தளையையும் பற்றவைத்து நந்தகோபால் செய்த உருவங்களை முன்னால் நின்றுதான் பார்க்க வேண்டும். கோயிலில் சாமிக்கு எதிரே நிற்பதைப் போல. அவர் இந்தக் கிராமத்தை உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கரின் மகன்.

நான் ரொம்ப நேரம் நின்றது பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைப் படத்துக்கு முன்னால். ஜாதகக் கட்டம் மாதிரி ஒன்று, பக்கத்தில் எண்கள், நடுவில் பொடிப்பொடியாக வரிவரியாய் எழுத்து. மலையாளம் போலத் தெரிகிறதே என்று கிட்டப் போனால் ஒரு வார்த்தைகூடப் படிக்க வராது. தணிக்கைக்காரன் கண்ணுக்கு அது யாரோ நடுவில் விட்டுப்போன பேரேட்டுப் பக்கம். 1963-ல் ஒரு வணிகவியல் மாணவனின் நோட்டுப் பக்கத்தைத் தற்செயலாகப் பார்த்ததில்தான் இந்த வரிசைக்கான பொறி கிடைத்தது என்று பணிக்கரே சொல்லியிருக்கிறார். அதற்கு அப்புறம் எனக்கு அந்த அறையில் கூச்சம் போய்விட்டது.

ஆனால் சுவரில் இருப்பதை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் பாதிதான் பார்த்ததாக அர்த்தம். மீதி, வரவு செலவில் இருக்கிறது.

பணிக்கர் வீட்டுக் கஷ்டத்தால் படிப்பை விட்டுத் தந்தி இலாகாவில் ஐந்து வருஷம் வேலை பார்த்தவர். அன்றைக்கு அது காலாட்டிக்கொண்டு சாப்பிடுகிற உத்தியோகம். அதை விட்டுவிட்டு 1936-ல் சென்னை ஓவியப் பள்ளியில், அதாவது இப்போது எங்கள் பையன் சேரத் துடிக்கிற கவின்கலைக் கல்லூரியில், சேர்ந்தார். பிறகு அதே இடத்துக்கு முதல்வரும் ஆனார். முதல்வர் நாற்காலியில் இருந்து பார்த்தபோது அவரை உறுத்தியது, நன்றாக வரைகிற பையன்கள் படிப்பு முடிந்ததும் பிழைப்புக்காக வேறு வேலைக்குப் போய் வரைவதையே விட்டுவிடுகிறார்களே என்பது. அதற்கு அவர் உபதேசம் செய்யவில்லை, ஒரு தொழில் கற்றுக்கொள்ளச் சொன்னார். பாத்திக்.

துணியில் உருக்கிய மெழுகால் வரைவார்கள். சாயத்தில் முக்கினால் மெழுகு இருக்கிற இடத்தில் சாயம் ஏறாது, மெழுகு வெடித்த இடத்தில் மட்டும் முடி போல ஒரு கோடு இறங்கும். அடுத்த நிறத்துக்கு மறுபடி மெழுகு, மறுபடி சாயம். கடைசியில் சூடு காட்டி மெழுகை எடுத்துவிடுவார்கள். ஓவியனுக்குக் கை பழகிய வேலைதான், ஆனால் வாங்க ஆள் இருந்தது. கைவினைஞர் சங்கம் ஒன்றை வைத்து, விற்ற காசைச் சேர்த்து, 1966-ல் கடலோரம் சுமார் பத்து ஏக்கர் மணல் பூமியை வாங்கிவிட்டார்கள். பெரிய புரவலர் யார் வாசலிலும் போய் நிற்கவில்லை. என் கைக்கு வந்த சங்கங்களில் இவ்வளவு சுத்தமான நோக்கத்தோடு நிலம் வாங்கியவை ரொம்பக் குறைவு.

இதில் என்னைக் கவர்ந்த விஷயம், பாத்திக் வாங்குகிறவருக்குப் பிடித்த மாதிரி செய்தார்கள், ஓவியத்தை யாருக்கும் பிடிக்க வேண்டும் என்று செய்ய வேண்டியதில்லை. கலையைத் தேர்ந்தெடுக்கிறவனுக்குக் காசின் அருமை தெரியாது என்று குடும்பங்களில் பேசுகிறோமே, அது இங்கே எடுபடாது. எந்த நேரத்தை விற்பது, எதை விற்கக் கூடாது என்று இவர்கள் முன்பே பிரித்துவைத்துவிட்டார்கள்.

இது ஒன்றுதான் வழி என்றும் சொல்ல மாட்டேன். தமிழ்ச் சிற்றிதழ் வாசிக்கிறவர்களுக்குத் தெரிந்த கோடுகள் ஓவியர் ஆதிமூலத்தின் கோடுகள். அவர் நெசவாளர் சேவை மையத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். இந்தக் கூட்டத்து ஓவியர்களில் விஸ்வநாதனும் அக்கித்தம் நாராயணனும் பாரீசுக்குப் போனார்கள், வாசுதேவ் பெங்களூருக்கு. இங்கேயே இருந்த கே. ராமானுஜம், மையால் மாயநகரங்களாக வரைந்து தள்ளியவர், 1973-ல் இளம் வயதிலேயே இறந்துபோனார். நிலமும் கூரையும் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நினைத்துக்கொண்டு யாரும் பிள்ளையைக் கூட்டிவர வேண்டாம்.

வெளியே மரத்தடியில் உட்கார்ந்தபோது பையனிடம் கேட்டேன்: "ஏன்டா, இன்ஜினியரிங் படிச்சிட்டு சாயங்காலம் வரையக் கூடாதா?"

"சாயங்காலம் கண்ணும் கையும் ஓஞ்சு போயிருக்கும் மாமா. மிச்சம் மீதியில வரைஞ்சா மிச்சம் மீதி மாதிரிதான் வரும்."

"சரி, அப்போ உன் பாத்திக் எது?"

கடை ஷட்டர்களிலும் பள்ளிக்கூடச் சுவர்களிலும் படம் எழுதிக் கொஞ்ச நாளாகச் சம்பாதித்துக்கொண்டிருக்கிறானாம். அக்காவுக்கே தெரியாது. சதுர அடிக்கு எவ்வளவு என்று கேட்டேன். யோசிக்காமல் சொன்னான். பெயிண்ட் செலவு தனி, முன்பணம் பாதி என்றும் சேர்த்தே சொன்னான். நான் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அக்காவிடம் நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பம் போடச் சொல்லிவிட்டேன். திட்டு எனக்குத்தான்.

போகிறவர்களுக்கு: திருவான்மியூரிலிருந்து கோவளம், மகாபலிபுரம் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினால் போதும். காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறிவிட்டால் சிற்பங்களைச் சுற்றிப் பார்க்க முடியாது. உள்ளே இருப்பவை ஓவியர்கள் குடியிருக்கிற வீடுகள், திறந்திருக்கிற கதவெல்லாம் காட்சிக்கூடம் இல்லை. குழந்தைகளுக்கு விளையாட ஊஞ்சல், சறுக்கு மரம் என்று தேடுகிறவர்களுக்கு இது சரிப்படாது. பணிக்கரின் படங்கள் இன்னும் வேண்டும் என்றால் திருவனந்தபுரத்தில் அவர் பேரில் தனிக் கூடமே இருக்கிறது.

ஐந்துக்கு நாலரை போடுவேன். முழுசாகப் போட்டுத் தணிக்கைக்காரனுக்குப் பழக்கமில்லை.