சேலத்து போர் தண்ணீருக்கு எந்த சோலார் ஹீட்டர்?

எங்கள் மொட்டை மாடியில் ஏழு வருடம் பிளாட் பிளேட் (கண்ணாடி மூடிய தட்டையான பேனல்) சோலார் ஹீட்டர் இருந்தது. அதைக் கழற்றிவிட்டு, 20 டியூப் (இரட்டைக் கண்ணாடிக் குழாய்) உள்ள 200 லிட்டர் ஹீட்டர் போட்டு மூன்று வருடம் ஆகிறது. வீடு அழகாபுரத்தில். காவிரித் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் சரியாகப் போகும். குளிப்பதற்கு போர் தண்ணீர்தான். அதை வைத்துத்தான் டியூபுக்கு மாறினோம்.

வெயிலைப் பற்றிக் கவலையே வேண்டாம், நம் ஊரில் இரண்டுமே நன்றாகச் சூடாகும். இரண்டையும் தெற்குப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். வெந்நீர் லைனுக்கு இரண்டிலும் சிபிவிசி பைப் போடுங்கள், சாதாரண பிவிசி வளைந்துவிடும்.

விஷயம் உப்பில்தான் இருக்கிறது. போர் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, சூடேறினால் பிரிந்து வெள்ளையாகப் படியும். 60 டிகிரியைத் தாண்டினால் இன்னும் வேகமாக. வெந்நீர் அண்டாவின் உட்புறத்தைத் தேய்த்தவர்களுக்கு இது தெரியும். பிளாட் பிளேட்டுக்குள் ஓடுவது அரை இஞ்ச் செம்புக் குழாய்கள். அவற்றின் இரண்டு முனையும் பெரிய குழாயோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், உள்ளே பிரஷ் விட வழியில்லை. பம்பும் கிடையாது, சூடான தண்ணீர் தானாக மேலேறி டேங்குக்குப் போக வேண்டும். அதனால் குழாய் கொஞ்சம் அடைத்தாலே ஓட்டம் மந்தமாகிவிடும். ஐந்தாம் வருடம் எங்களுக்கு அதுதான் நடந்தது. பேனல் தகதகவென்று காய்ந்தது, பாத்ரூமில் வந்ததோ வெதுவெதுப்பான தண்ணீர். இரண்டு முறை ஆசிட் விட்டுக் கழுவினோம். இரண்டாவது முறைக்கு அப்புறம் இணைப்பில் கசிவு வந்துவிட்டது.

டியூபிலும் உப்பு படியத்தான் செய்யும். ஆனால் அதன் உள்வாய் சுமார் 44 மில்லிமீட்டர் அகலம், அடி மூடியிருக்கும். உதிரும் உப்பு அடியில் போய்த் தங்கும். டேங்கைக் காலி செய்து, டியூபை ஒவ்வொன்றாக உருவி, சிட்ரிக் ஆசிட் கரைத்த தண்ணீரை ஊற்றி வைத்துக் கழுவலாம். ஒன்றில் சுமார் 3 லிட்டர் பிடிக்கும், அதனால் உருவும்போது இரண்டு பேர் இருப்பது நல்லது. திரும்பச் செருகும்போது ரப்பர் வளையத்தில் சோப்புத் தண்ணீர் தடவித் திருகினால் வழுக்கிக்கொண்டு போகும். நாங்கள் இதுவரை ஒரு முறைதான் கழுவியிருக்கிறோம். பத்து வருடம் கழித்து எப்படி இருக்கும் என்று இப்போதே அடித்துச் சொல்ல மாட்டேன்.

டியூபுக்கும் குறை உண்டு. ஒன்று உடைந்தாலும் டேங்கில் உள்ள தண்ணீரெல்லாம் போய்விடும். வெயிலில் காலியாகக் காய்ந்த டியூபில் பச்சைத் தண்ணீர் பட்டால் பட்டென்று விரிசல் விழும். கழுவும் வேலையை விடியற்காலையில் ஆரம்பித்து, வெயில் ஏறும் முன் டேங்கை நிரப்பிவிடுங்கள்.

பிளாட் பிளேட்டே வேண்டும் என்றால், ஹீட் எக்ஸ்சேஞ்சர் உள்ளதாகக் கேளுங்கள். பேனலுக்குள் நல்ல தண்ணீர் தனியாகச் சுற்றி, சூட்டை மட்டும் டேங்குக்குக் கொடுக்கும், போர் தண்ணீர் டேங்கோடு நின்றுவிடும். விலை கூடுதல்தான்.

ஏற்காட்டில் இருக்கும் சித்தப்பா கேட்டபோது அவருக்கு பிளாட் பிளேட்தான் சொன்னேன். மழைக்கால மூடுபனியில் டியூப் கொஞ்சம் முந்தும்: இரட்டைக் கண்ணாடிக்கு நடுவே காற்று இல்லாததால் வாங்கிய சூடு வெளியே போகாது. ஆனால் அவர் வீட்டுத் தண்ணீரில் உப்பு அவ்வளவாக இல்லை, கூரையில் தினமும் குரங்குகள் குதிக்கின்றன. பேனலின் கனத்த கண்ணாடி அதைத் தாங்கும்.