கலிபோர்னியாவுல நாய் கடிச்சா 2 வருஷமா, 6 மாசமா?
பக்கத்து வீட்டு நாய் கடிச்சா கேஸ் போட அன்னிலேர்ந்து 2 வருஷம் டைம் இருக்கு, "இதுவரைக்கும் யாரையும் கடிச்சதே இல்லைங்க"ன்னு ஓனர் சொன்னாலும் கலிபோர்னியால அது எடுபடாது. கடிபட்டது குழந்தைன்னா 18 வயசு ஆகுற வரைக்கும் அந்த 2 வருஷத்தை எண்ணவே ஆரம்பிக்க மாட்டாங்க, இது பெரிய நிம்மதி.

ஆனா அது சிட்டி ஷெல்டர்ல (நகராட்சி நடத்துற நாய் காப்பகத்துல) இருக்குற நாய்னா கதையே வேற. 6 மாசத்துக்குள்ள சிட்டி நிர்வாகத்துகிட்ட எழுத்துல நஷ்டஈடு க்ளெய்ம் கொடுத்தாகணும், குழந்தைக்கும் அதே 6 மாசம்தான், அவங்க முடியாதுன்னு லெட்டர் அனுப்பினா அதுலேர்ந்து இன்னொரு 6 மாசத்துல கோர்ட்டுக்குப் போயிடணும். தையல் பிரிச்சு, ரேபிஸ் ஊசி நாலு டோஸும் போட்டு, கன்னத்துல அந்தப் பல்லு தடம் மங்குமா மங்காதான்னு டாக்டர் பாத்துட்டு இருக்கும்போதே பாதி டைம் போயிடும், எனக்கு இது ரொம்ப அநியாயமா படுது. அதனால நாய் யாரோடதுன்னு முதல் நாளே விசாரிச்சிடுங்க.